மூளித் தொட்டியைத் தேடிச் சீமைக்கு

இங்கிலாந்து போய் வந்தவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். மன்னரின் மாளிகை, மணிக்கூண்டு, பனி, துரைமார்களின் மரியாதை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அவற்றில் பாதியை நான் பார்க்கவில்லை. பார்த்த பாதி மனத்தில் ஒட்டவில்லை. நான் அங்கே பார்க்க ஆசைப்பட்டது ஒரு கல் தொட்டியின் உடைந்த விளிம்பை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எங்கள் கோயில் கதையைச் சொன்ன பிறகு யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று அவர்களே முடிவு செய்யலாம்.

ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்போம். எங்கள் ஊர் ஷாப்பு ஒரு சாயபுவுடையது. நான் அங்கே தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவன். ஷாப்புக்கு அடுத்தாற்போல எங்கள் வேதக்கோயில். இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூர்ச் சபையார் காணிக்கை சேர்த்து அனுப்பிக் கட்டியது. காணிக்கையோடு ஒரு படமும் வந்தது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கத் தண்ணீர் நிரப்பும் கல் தொட்டி அவர்கள் கோயிலில் இருக்கிறதே, அதை ஒரு சீமாட்டி அழகாக வரைந்து, இதைப் போலவே நீங்களும் செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தாள்.

அந்தப் பழைய தொட்டியின் விளிம்பில் ஓரிடம் உடைந்து மூளியாக இருந்தது. சீமாட்டி அதையும் வரைந்துவிட்டாள். வேலூரிலிருந்து வந்த கல்தச்சரோ படத்தில் உள்ளதைச் செய்கிறவர், படம் வரைந்தவரைக் கேள்வி கேட்கிறவர் இல்லை. நல்ல கருங்கல்லில் தொட்டியைச் செதுக்கி, மூளியையும் உளியால் பக்குவமாகச் செதுக்கித் தூணின் மேல் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். புதுத் தொட்டி, புது மூளி.

சபையில் ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர். சேரிக்காரர்களான நாங்கள் நிறையப் பேர். நாங்கள் ஷாப்பில் மாட்டுத் தோலைத் தொடுகிறவர்கள். கிறிஸ்து உள்ளே வந்த பிறகும் சாதி வீட்டைக் காலிசெய்துகொண்டு போகவில்லை. சபைக் காரியங்களைப் பார்த்துவந்த ஊர்க்காரர் ஞானமுத்து மூப்பர் ஒருநாள் தொட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். மூளி இல்லாத பக்கம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, மூளிப் பக்கம் சேரிப் பிள்ளைகளுக்கு என்று அவருக்கு விளங்கிவிட்டது. தொட்டி ஒன்று, தண்ணீர் ஒன்று, கொடுக்கிற போதகர் ஒருவர், நிற்கிற பக்கம் மட்டும் இரண்டு. யாராவது வாய் திறந்தால், "சீமையிலயே அப்படித்தான். படத்தப் பாரு. காரணம் இல்லாமலா மூளி வச்சி அனுப்பினாங்க?" என்பார். போதகர் சாந்தமானவர், அதாவது பயந்தவர்.

எங்கள் மூத்த பையனுக்கு மூளிப் பக்கம் நின்றுதான் ஞானஸ்நானம் வாங்கினோம். அடுத்துப் பெண் பிறந்தபோது என் மனைவி சலோமி ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

"அன்னிக்கி ஒரு சொட்டுத் தண்ணி தெறிச்சதுக்கு மூப்பர் வீட்டம்மா முந்தானைய இழுத்துக்கிச்சி. இன்னொரு வாட்டி நான் அங்க நிக்க மாட்டேன்" என்றாள்.

"அப்போ அந்தப் பக்கம் போய் நிப்பியா?"

"இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு இருக்கற வரைக்கும் எங்கியும் நிக்க மாட்டேன்."

பேச்சு சுலபம். பிள்ளையோ பிறந்ததிலிருந்தே நோஞ்சான். தேறவில்லை, இருமல் வேறு. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை செத்தால் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது, வேலிக்கு வெளியே கள்ளிப் புதர்தான். அதை நினைத்து நான் இரவெல்லாம் பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அவளும் எண்ணாமலா இருந்திருப்பாள்? ஆனாலும் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சாயபு என்னைக் கூப்பிட்டார். "லண்டன் ஏஜெண்டு நம்ம சரக்குல புழு அரிச்சிருக்குன்றான். நீயே போய்ப் பார்த்துட்டு வா. இங்க உக்காந்துக்கினு பேஜார் பட முடியாது" என்றார். நான் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரே தண்ணிக்கு ரெண்டு பக்கமா? இன்னாப்பா உங்க கணக்கு" என்றார். மூப்பரிடம் போய் விடைபெற்றேன். மூளி எதற்காக என்று அந்தக் கோயிலிலேயே கேட்டு வருகிறேன், சீமையில் சொல்வதற்கு எல்லாரும் கட்டுப்படுவோம் என்றேன். அவரும் சபை நடுவில் தலையாட்டினார். சலோமி மட்டும், "சீக்கிரம் வாங்க. அதுவரைக்கும் இவ இருக்கணும்" என்றாள்.

கப்பலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வாந்தி எடுத்தேன்.

லண்டனில் தோல் சந்தை இருக்கும் பேட்டையில் இறங்கிய உடனே ஊர் வாசனை அடித்தது. கூட வந்தவர்கள் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் பசி எடுத்தது. ஆனால் பசியைப் போக்கிக்கொள்ள அந்த ஊரில் வழியில்லை. நான் தங்கிய வீட்டில் முதல் நாள் வெந்த உருளைக்கிழங்கு, இரண்டாம் நாள் வெந்த முட்டைக்கோஸ், அடுத்த நாள் விருந்து என்று சொல்லி இரண்டையும் சேர்த்து வைத்தார்கள். உலகத்தையே ஆளுகிறார்களாம், ஒரு மிளகாயை ஆளத் தெரியவில்லை. சலோமி கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்தேன். வீட்டுக்கார அம்மாள் மோந்து பார்த்து, "இது பூட்ஸுக்குப் பூசுவதா?" என்று கேட்டாள். "இல்லை, உங்கள் உருளைக்கிழங்குக்கு" என்றேன்.

ஏஜெண்டு பெரிய மேதாவி. எங்கள் தோல் எப்படி அரித்திருக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே கட்டைப் பிரித்துக் காட்டினார். அது எங்கள் சரக்கே இல்லை, முத்திரை வேறு ஊருடையது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மழை வரும்போல இருக்கிறது என்றார். தப்புச் செய்தால் வானத்தைப் பார்ப்பது அந்த தேசத்துப் பழக்கம். அங்கே ஏன் எப்போதும் மழையைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது அன்றைக்குப் புரிந்தது.

வந்த வேலை முடிந்தது. சனிக்கிழமை, தொட்டிப் படம் வந்த அந்தக் கிராமத்துக்கு ரயில் ஏறினேன். நம் காட்பாடியில் ரயில் நின்றால் செத்தவனும் எழுந்துகொள்வான், அவ்வளவு கூவல் இருக்கும். அங்கே ரயில் நின்றாலும் யாரும் மூச்சு விடுவதில்லை. ஊர்ப் பெயரை ஒருவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினேன், நேராகப் பள்ளத்தில் விழுந்தேன். பிளாட்பாரம் முன்னால் இருக்கும் பெட்டிகளுக்கு மட்டும்தானாம். பின்பெட்டிக்காரர்கள் முன்கூட்டியே முன்னால் போய்விட வேண்டுமாம். எதிரே உட்கார்ந்திருந்த கனவானுக்கு அது தெரிந்திருந்தது. அறிமுகம் இல்லாதவனிடம் பேசுவது மரியாதை அல்ல என்பதால் நான் விழுவதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேற்றோடு சத்திரத்துக்குப் போனேன். அறை இல்லை என்றான் சத்திரக்காரன். அவன் முதுகுக்குப் பின்னால் ஆணியில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. கோழிக்கூடை ஏற்றி வந்த ஒரு வண்டிக்காரர் மனம் இரங்கி, மாட்டுப் பண்ணை வைத்திருந்த மிஸஸ் ஹாப்ஸ் என்ற விதவையின் வீட்டில் என்னை இறக்கிவிட்டார். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பேசிய நாட்டுப்புற இங்கிலீஷ் என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது. அப்படியே எழுதுகிறேன்.

"கருப்பா இருந்தா இன்னா, காலைத் தொடச்சிக்கினு உள்ள வா" என்றாள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

மறுநாள் ஞாயிறு. கோயிலுக்குப் போனேன். சுவரெல்லாம் பாசி. உள்ளே ஈரக் கம்பளி நாற்றம். ஊர் ஜமீன்தார் குடும்பத்துக்குத் தனி இருக்கை, அதற்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், உள்ளே குளிர்காயக் கணப்பு. கூலிக்காரர்களுக்குப் பின்னால் வெறும் பலகை. சத்திரக்காரன் கதவுள்ள இருக்கைகளில் ஒன்றில் இருந்தான். என்னைப் பலகைக்கும் பின்னால், மணிக்கயிறு தொங்குகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். சகோதரரே என்று ஆரம்பித்துப் பாதிரியார் ஒரு பெரிய பிரசங்கம் செய்தார். ஜமீன்தார் நன்றாகத் தூங்கினார்.

ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு தொட்டியிடம் போனேன். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. எங்களுடையதைவிடக் கறுத்து, தேய்ந்து, உள்ளே ஈயத் தகடு அடித்திருந்தது. விளிம்பில் அந்த மூளி. விரலை வைத்து அளந்து பார்த்தேன். அதே அகலம், அதே சாய்வு. எங்கள் கல்தச்சர் ஒரு நூல் பிசகவில்லை. எதற்காக என் பிள்ளை வேலிக்கு வெளியே போகக்கூடும் என்று பயந்துகொண்டிருந்தேனோ அது இதுதான் என்று நினைத்தபோது அந்தக் கல்லின் மேல் எச்சில் துப்பலாம்போல இருந்தது.

பாதிரியார் வந்தார். என்னைத் தேநீருக்கு அழைத்தார். எங்கள் ஊர்ச் சபை என்று சொன்னவுடன் மிகவும் உருகினார். "உங்கள் மக்கள் இப்போது காலணி அணியப் பழகிவிட்டார்களா?" என்று விசாரித்தார். அவர் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தேன். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், எங்கள் பக்கத்துச் சரக்காகவே இருக்கலாம். "பழகிக்கொண்டிருக்கிறோம்" என்றேன். வெள்ளரிக்காயை ரொட்டிக்குள் ஒளித்துவைத்து அதையும் விருந்து என்றார்கள்.

மூளியைப் பற்றிக் கேட்டேன். பாதிரியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னொரு காலத்து உள்நாட்டுப் போரில் படைவீரர்கள் கோயிலுக்குள் புகுந்தார்கள். அவர்களில் ஒருவன் வாளால் வெட்டியது அது. ஆயினும் தொட்டி பிளக்கவில்லை" என்றார். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு காணிக்கைப் பெட்டி இருந்ததன் காரணம் விளங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ஜமீன்தார் வீட்டுக் குழந்தைகளுக்கு மட்டும் மாளிகைக்கே போய் வெள்ளிக் கிண்ணத்தில் கொடுப்பேன். சளி பிடிக்கக்கூடாது அல்லவா?" என்றார். கூலிக்காரன் பிள்ளைக்குச் சளி பிடிக்காதுபோலும்.

அன்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வாள் வெட்டு என்று போய்ச் சொன்னால் மூப்பர் விடுவாரா? பாவம் தொட்ட பக்கம், ஆகையால் உங்களுக்குத்தான் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். வெள்ளிக் கிண்ணத்தைச் சொன்னாலோ கேட்கவே வேண்டாம், மறுநாளே கிண்ணம் வாங்கிவிடுவார். இவ்வளவு தூரம் வந்தது வீண் என்று மனம் விட்டுப்போயிற்று.

திங்கட்கிழமை காலை மிஸஸ் ஹாப்ஸ் ஓட்ஸ் கஞ்சியைத் தட்டில் ஊற்றினாள். பசை காய்ச்சுகிறவர்கள் இதைவிட ருசியாகக் காய்ச்சுவார்கள். தின்னமுடியாமல் உட்கார்ந்திருந்தவன் பாதிரியார் சொன்ன வாள் வெட்டைப் பற்றி அவளிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாளா? எந்த வாளு? அது எங்க வீட்டுத் தொட்டி. கோயில்ல வேணாம்னு தூக்கிப் போட்டத எங்க வீட்டுக்காரரோட தாத்தா எடுத்தாந்து மாட்டுக்குத் தண்ணி காட்ட வச்சிக்கினாரு. நானே எத்தினி வருசம் அதுல தண்ணி ஊத்தியிருக்கேன். இவருக்கு முன்ன இருந்த பாதிரியாரு வந்து, இது புனிதமான தொட்டின்னு சொல்லித் தூக்கிக்கினு போய்ட்டாரு. பதிலுக்கு ஒரு இரும்புத் தொட்டி குடுத்தாரு. அது அன்னியிலேர்ந்து ஒழுவுது."

"அந்த மூளி?"

"எங்க காளை முட்னது" என்றாள் பெருமையாக. அடுப்பங்கரைச் சுவரில் தொப்பி மாட்டியிருந்த ஒரு கொம்பைக் காட்டினாள். நுனி ஒடிந்திருந்தது. "கல்லும் போச்சி, கொம்பும் போச்சி. நல்ல காளை அது. நீ உங்க ஊருக்குப் போனா எல்லார்கிட்டயும் சொல்லு, எங்க தொட்டிய எடுத்துக்கினு போய்ட்டாங்கன்னு."

வெளியே கொண்டுபோய்த் தொட்டி இருந்த இடத்தையும் காட்டினாள். சேறும் சாணமுமாகக் கிடந்தது. அங்கே நின்று வாய்விட்டுச் சிரித்தேன். மாட்டுத் தோலைத் தொடுகிறோம் என்று எங்களை ஒதுக்க ஒரு மூளி. அந்த மூளியைப் போட்டதே ஒரு மாடு. எங்கள் சபையின் சட்டத்தை இயற்றியது மிஸஸ் ஹாப்ஸ் வீட்டுக் காளை. கடைசியில் என் பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று அப்படி ஒரு சந்தோஷம்.

ரயிலுக்குப் போகும் வழியில் பாதிரியாரிடம் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. "தெரியும். ஆனால் படைவீரனைப் பார்க்க ஜனங்கள் வருவார்கள். காளையைப் பார்க்க யார் வருவார்கள்?" என்றார். பிறகு மழை வரும்போல இருக்கிறது என்றார்.

திரும்பி வந்து சேர்ந்தபோது குழந்தை இருந்தாள். அதைத் தவிர அன்று எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் போனபோது இருந்ததைவிட இளைத்திருந்தாள், இருமலும் ஜாஸ்தியாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை நடுவில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். கொம்பைச் சொன்னேன், சாணத்தைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் தலை குனிந்தார்கள். தீர்ந்தது என்று உட்கார்ந்தேன். ஞானமுத்து மூப்பர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது கண்ணில் நீர்.

"மாட்டுத் தொட்டியா?" என்றார். "கர்த்தர் பொறந்தப்போ அவரக் கிடத்தினதும் மாட்டுத் தொட்டியிலதான, முன்னணையிலதான. மாடு தொட்ட பக்கம்னா அதான் முன்னணைப் பக்கம். இத்தினி நாளும் தெரியாமப் போச்சி. இனிமே எங்க பிள்ளைங்க மூளிப் பக்கம்தான் நிப்பாங்க. நீங்க அந்தப் பக்கம் போய்க்குங்க."

இந்த மூளைக்குச் சீமைக் காளை எம்மாத்திரம்? அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. நேற்றுவரை அந்தப் பக்கத்தைக் கரித்துக்கொட்டிய எங்கள் ஆட்கள் துள்ளி எழுந்து, மூளி எங்களுடையது, பரம்பரையாக நின்ற இடம், விடமாட்டோம் என்றார்கள். எந்தப் பக்கமும் வேண்டாம் என்று நான் கத்தினேன். யார் காதில் விழுந்தது? அந்த வாரம் முழுக்க ஷாப்பில் இதே பேச்சு. போதகர் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டார். வீட்டில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தாள். சலோமி ஒரே ஒரு முறை, "மாடு முட்னது நெசம்தானே?" என்று கேட்டாள். என் கண்ணாலே கொம்பைப் பார்த்தேன் என்றேன்.

சனிக்கிழமை உச்சிப்பொழுதில் ஷாப்பில் பெண்கள் ஆவாரம்பட்டை இடிக்கும் சத்தம் ஊரையே அதிரவைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வேறெந்தச் சத்தமும் கேட்காது. கல்யாணத்துக்கு முன்னால் சலோமியும் அங்கே பட்டை இடித்தவள்தான். அன்று இடிக்கிறவர்களில் நாலைந்து பேர் இடத்தில் இல்லை என்பதையும், சுண்ணாம்புக் கட்டி உடைக்கிற சம்மட்டி மூலையில் இல்லை என்பதையும் நான் கவனித்தேன். சாயபுவும் கவனித்திருப்பார். அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போனவர்கள் அப்படியே நின்றார்கள். தொட்டியின் விளிம்பு சுற்றிலும் மூளி மூளியாக, பிள்ளைகள் கடித்துப் போட்ட ஆப்பம்போல இருந்தது. தூணின் மேல் இருந்தபடியே தொட்டியைச் சுழற்றியும் வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஷாப்புச் சுண்ணாம்பைக் கரைத்து வெள்ளை அடித்திருந்தது. கல்தச்சர் செதுக்கிய மூளி எது, மற்றது எது என்று அந்தக் கல்தச்சரே வந்தாலும் சொல்ல முடியாது.

காய்ச்சல் தெளிந்து வந்த போதகர் தொட்டியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. தண்ணீரை நிரப்பச் சொன்னார். சலோமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் கால் போன இடத்தில் நின்றாள். அன்று பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்திருந்த மூப்பர் தொட்டியைச் சுற்றினார், குனிந்து பார்த்தார், மறுபடி சுற்றினார். கடைசியில் போதகர் நின்ற இடத்துக்கே, சலோமிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேறெங்கே நிற்பது என்று அவருக்கும் தெரியவில்லை. போதகர் என் மகளின் தலையில் தண்ணீர் விட்டபோது நன்றாகவே தெறித்தது. முந்தானையை இழுத்துக்கொள்ள மூப்பர் வீட்டம்மாவுக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் பேரன் இருந்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, நான் சீமை வரைக்கும் போய் வந்தது தண்டம்தான் என்று அலுத்துக்கொண்டேன். சலோமி பிள்ளையின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே நடந்தாள். அவள் நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு இருந்தது.

"தண்டம் இன்னா? அதத் தொட்டா சாமி குத்தம் ஆயிடும்னுதான் நானும் இத்தினி நாளு பயந்துக்கினு இருந்தேன்" என்றாள். "ஒரு மாடு ஒடச்சே ஒண்ணும் ஆவலியே. நான் ஒடச்சா இன்னா ஆயிடும்?"